ஒரு பக்கத்துச் சிரிப்பு

கண்டிப் பக்கத்தில், கடுகண்ணாவையிலிருந்து அலவத்துகொட வரைக்கும் கடை வைத்திருக்கிறவர்களிடம் "ஸ்ரனி" என்று சொன்னால் போதும். பிஸ்கட் கம்பனியின் விற்பனை ரெப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று விளங்கிக்கொள்வார்கள். முழுப்பெயர் ஸ்ரனிஸ்லாஸ். பிறந்து வளர்ந்தது மஹய்யாவையில். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி பெற்றீசியாவின் ஊரான கடுகண்ணாவையில், ரயில் பாதைக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார். பெற்றீசியா பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியை. ஒரே மகள் லிண்டா கொழும்பில் ஒரு நிறுவனத்தில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேர ரயிலில் வந்து, திங்கட்கிழமை விடியற்காலை ரயிலில் போவாள்.

பிஸ்கட் விற்பது பெரிய வித்தை இல்லை என்று ஸ்ரனிஸ்லாஸே சொல்வார். எல்லாக் கம்பனி பிஸ்கட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவர் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார். காலையிலிருந்து வீட்டுச் சண்டையோ வியாபார மந்தமோ எதுவானாலும், இந்த மனுஷன் வாசலில் நின்று சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் பதிலுக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது. அலவத்துகொடயில் மொத்தக் கடை வைத்திருந்த ஆகிப், "ஸ்ரனிட சிரிப்பு முதல்ல கடைக்குள்ள வரும், ஆள் பொறகுதான் வருவார்" என்று மற்ற ரெப்மார்களிடம் சொல்வார்.

கொரோனாக் காலம் முடிகிற நேரம். ஒரு காலையில் ஸ்ரனிஸ்லாஸ் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது கடைவாயால் வழிந்து சேர்ட்டை நனைத்தது. மறுபடியும் கொப்பளித்தார். மறுபடியும் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். இடது புருவம் மட்டும் உயர்ந்தது. வலது பாதி முகம் தூங்கிக்கொண்டிருப்பது போல அப்படியே கிடந்தது.

"பெற்றி" என்று கூப்பிட்டார். பெயர் சரியாக வரவில்லை.

அடுப்படியிலிருந்து வந்த பெற்றீசியா அவர் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள். பக்கத்து வீட்டு த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழி முழுக்க அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, "விரலை அசைங்க, அசைங்க பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். விரல்கள் அசைந்தன.

டொக்டர் பரிசோதித்துவிட்டு, "பாரிசவாதம் இல்லை, பயப்படாதீங்க. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. அநேகம் பேருக்குப் பூரணமா சுகமாயிடும்" என்றார்.

மாத்திரை கொடுத்தார்கள். மூட முடியாத கண்ணைப் படுக்கும்போது பிளாஸ்டர் போட்டு மூடச் சொன்னார்கள். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து கன்னத்தை ஊதவும், உதட்டைக் குவிக்கவும், புருவத்தைச் சுருக்கவும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பெற்றீசியா பாடசாலை விட்டு வந்ததும் தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருவாள். இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்தை ஊதுவார்கள்.

மெதுமெதுவாக நிறையத் திரும்பி வந்தது. கண் மூடியது. பேச்சுத் தெளிந்தது. சாப்பாடு வழியாமல் உள்ளே போனது. சிரிப்பு மட்டும் முழுதாக வரவில்லை. அவர் சிரித்தால் இடது கடைவாய் பழையபடி காது வரைக்கும் ஏறும். வலது கடைவாய் எதுவும் கேட்காதது போல இருக்கும். அதோடு வலது கண் தன்பாட்டில் சுருங்கும். டொக்டரிடம் கேட்டதற்கு, இனி இவ்வளவுதான் வரும் போலிருக்கிறது என்றார்.

அதைப் பெரிதாக எடுக்காமல்தான் அவர் மறுபடியும் வேலைக்குப் போனார். முதல் நாளே பேராதனைப் பக்கம் ஒரு புதுக் கடையில், விலை கூடியிருப்பதைப் பற்றி முதலாளி குறைப்பட்டுக்கொண்டபோது, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, பழைய பழக்கத்தில் சிரித்தார். முதலாளியின் முகம் மாறிப்போனது.

"என்ன, நான் சொல்றது உங்களுக்கு நக்கலா இருக்கா?" என்றார் அவர்.

ஸ்ரனிஸ்லாஸ் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முதலாளி வேறு வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். வெளியே வந்து, நிறுத்தியிருந்த கம்பனி வானின் பக்கக் கண்ணாடியில் அதே மாதிரி ஒரு தடவை சிரித்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஏறிய உதடு, சுருங்கிய கண். முதலாளி சொன்னது சரிதான். யாரையோ கிண்டல் பண்ணுகிறவனின் முகம் அது.

அன்றோடு வெளியாட்கள் முன்னால் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் அவர் கழற்றவில்லை. யாராவது கேட்டால், "தூசி ஒத்துக்கிறதில்ல" என்பார். தெரிந்தவர்களைத் தூரத்தில் கண்டால் வீதியின் மறுபக்கம் போய்விடுவார். கொஞ்ச நாளில், தன்னைக் களஞ்சியத்துக்கு மாற்றச் சொல்லிக் கம்பனியிடம் கேட்டு, பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். நாட்டில் பொருளாதாரம் விழுந்து எல்லாம் தலைகீழான போது கம்பனி தன் கண்டிக் கிளையையே மூடியது. ஸ்ரனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்தார்.

வேலை தேடுகிறவருக்கு இப்போது பத்திரிகை விளம்பரம் மட்டும் போதாது என்று லிண்டா சொன்னாள்.

"லிங்க்ட்இன்ல ஒரு எக்கவுண்ட் திறப்போம் அப்பா. எங்க கம்பனியில ஆள் எடுக்கிறப்ப நாங்க முதல்ல அங்கதான் பாக்குறோம். உங்களுக்கு இருக்கிற அனுபவத்துக்கு யாராவது கண்டிப்பா கூப்பிடுவாங்க."

விறாந்தையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவர் பார்த்த வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். கடைசியில் படத்துக்கு வந்தார்கள். எப்படிப்பட்ட படம் நல்லது என்று அவள் சரளமாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

"முகம் பெரிசா தெரியணும். பின்னால கண்டது கடியது இருக்கக் கூடாது. நேரா பாக்கணும். சின்னதா ஒரு சிரிப்பு இருந்தா ஆக்கள் நம்பு..."

சொல்லி முடிக்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஸ்ரனிஸ்லாஸ் ஒன்றும் கேட்காதது போல எழுந்து உள்ளே போனார். அலுமாரியிலிருந்து அல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கம்பனியின் வருடாந்த விழாவில் அந்த வருஷத்தின் சிறந்த ரெப் என்று அவருக்குக் கேடயம் கொடுத்தபோது எடுத்த படம் ஒன்று இருந்தது. நீல நிறக் கழுத்துப்பட்டி, வாரி விட்ட தலை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"இதைப் போடு."

"இது ரொம்பப் பழசு அப்பா."

"முகம் என்னோடதுதானே?"

லிண்டா அம்மாவைப் பார்த்தாள். பெற்றீசியா மேசையில் பாடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. லிண்டா அந்தப் படத்தைத் தன் போனில் படமெடுத்து, சுற்றி வெட்டி, ஏற்றினாள்.

சீக்கிரமே அழைப்பு வந்தது. கண்டி நகரத்துக்கு வெளியே பால்மா விநியோகிக்கும் ஒரு நிறுவனம். விற்பனைக் குழுவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை, நேரில் வாருங்கள் என்றார்கள். ஸ்ரனிஸ்லாஸ் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டார். பெற்றீசியா அவருடைய வெள்ளைச் சேர்ட்டை இரண்டு தரம் ஸ்திரி போட்டாள்.

நேர்முகத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். நடுத்தர வயதுப் பெண் ஒருவர், இளம் மனேஜர் ஒருவர். இருவருக்கும் முன்னால் கணினித் திரையில் அவருடைய படம் பெரிதாகத் தெரிந்தது. அவர் மாஸ்க்கைக் கழற்றி உட்கார்ந்ததும் அந்த அம்மா திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"இது நீங்கதானே?" என்று சிங்களத்தில் கேட்டார். கேட்ட விதத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"நான்தான். கொஞ்சம் பழைய படம்."

"ஏதாவது எக்சிடென்ற்றா?" என்றார் மனேஜர்.

"இல்லை, ஒரு வருத்தம் வந்தது" என்று ஸ்ரனிஸ்லாஸ் ஆரம்பித்தார். என்ன நோய் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் இருவருடைய கண்களும் தன் வாயைப் பார்ப்பதை உணர்ந்ததும் வார்த்தைகள் சுருங்கிப்போயின. அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரு சொல்லில், இரண்டு சொல்லில் பதில் சொன்னார். எந்தெந்த வீதியில் எந்தெந்தக் கடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், கடைக்காரரிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டபோது, "சாதாரணமாத்தான்" என்றார். அறிவிப்பதாகச் சொன்னார்கள். அறிவிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபடி பெற்றீசியாவிடம் சொன்னார்: "அவங்க கூப்பிட்டது அந்தப் படத்துல இருக்கிற ஆளை. போனது நான்."

பெற்றீசியா அவர் கழற்றிய சப்பாத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து வாசல் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே கொழும்பு ரயில் போகும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

அந்த வார இறுதியில் வந்த லிண்டா லிங்க்ட்இன்னிலிருந்து அந்தப் பழைய படத்தை நீக்கிவிட்டாள். அவருடைய பெயருக்கு மேலே ஒரு சாம்பல் நிறத் தலை மட்டும் மிஞ்சியது.

"பிழை என்னோடது அப்பா. பழைய படம் போடக் கூடாதுன்னு நானே மத்தவங்களுக்குச் சொல்றவ. இப்ப இருக்கிற மாதிரி ஒண்ணு எடுப்போம்."

"இப்ப இருக்கிற மாதிரியா?" என்று கேட்டார் ஸ்ரனிஸ்லாஸ். ஆனாலும் மகளுக்காகச் சனிக்கிழமை கண்டிக்குப் போனார்.

டவுனில் படம் பிடிக்கும் தியாகராஜாவின் ஸ்ரூடியோ வெகு காலமாக இருக்கிற இடம். தியாகராஜா அவரை விளக்குக்கு முன்னால் இருத்தி, நேராக ஒன்று எடுத்தார். சிரிக்காமல் எடுத்த அந்தப் படம் பொலிஸ் தேடுகிற ஆளின் படம் போல வந்தது. இடது பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து இன்னொன்று எடுத்தார். அதில் ஸ்ரனிஸ்லாஸ் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பவர் போல இருந்தார்.

தியாகராஜா தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு செய்யலாங்க. நீங்க நல்லா சிரிங்க. கொம்ப்யூட்டர்ல வலது பாதியை எடுத்துட்டு, இடது பாதியையே திருப்பி ஒட்டிடுறேன். யாருக்கும் தெரியாது."

ஸ்ரனிஸ்லாஸ் தயங்கினார். பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விளக்கைப் பார்த்துச் சிரித்தார். தியாகராஜா முகம் மாறாமல் படம் பிடித்தார். பின்னேரத்துக்குள் லிண்டாவின் போனுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

படம் வந்தபோது மூன்று பேரும் விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். லிண்டா திறந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். பெற்றீசியா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வாய் இரண்டு பக்கமும் சமமாக ஏறியிருந்தது. கண் இரண்டும் ஒரே அளவு. ஸ்ரனிஸ்லாஸின் இடது கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம் உண்டு. இந்தப் படத்தில் வலது கன்னத்திலும், அதே இடத்தில், அதே அளவில் ஒன்று இருந்தது. தலைமுடியும் நடுவில் வகிடு எடுத்து இரண்டு பக்கமும் சமமாகச் சரிந்திருந்தது.

"யாருங்க இவரு?" என்றாள் பெற்றீசியா.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்காரு. ஆனா, கல்யாணம் பேச வந்தப்ப இந்த மாப்பிள்ளை வந்திருந்தா நான் பின் கதவால ஓடியிருப்பேன். ரெண்டு கன்னத்துலயும் புள்ளி வச்ச மாப்பிள்ளை! திருஷ்டிப் பொட்டு வச்சவங்களுக்கு நிறுத்தத் தெரியலன்னு நெனச்சிருப்பேன்."

ஸ்ரனிஸ்லாஸ் போனை வாங்கிப் பார்த்தார். முதலில் ஒரு மூச்சு வெளியே வந்தது. பிறகு தோள் குலுங்கியது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வெகு காலத்துக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். இடது கடைவாய் மேலே போனது. வலது கடைவாய் போகவில்லை. வலது கண் சுருங்கியே போனது. அவர் எதையும் கவனிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த லிண்டா அம்மாவின் போனை எடுத்து ஒரு படம் பிடித்துவிட்டாள்.

சத்தம் கேட்டு ஸ்ரனிஸ்லாஸ் நிமிர்ந்தார். "அழிச்சிடு."

"பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தார். பின்னால் வெள்ளைச் சுவர். பின்னேர வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்திருந்தது. கோணல் வாயோடு ஒரு மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதைப் பாத்தா நக்கல் பண்றேன்னு நினைப்பாங்க" என்றார்.

பெற்றீசியா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "வீட்டுல நீங்க எங்ககிட்ட இப்படித்தான் சிரிக்கிறீங்க. எனக்கு ஒரு நாளும் நக்கலா தெரியலையே. ஒரு நாள்கூட." கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டாள். "வெளியே போறப்ப அந்த மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு நீங்க படியிறங்கிப் போறதைப் பாக்க எனக்குப் பிடிக்கலங்க. எங்க வீட்டு ஆளை யாரோ கொண்டுபோற மாதிரி இருக்கு."

இதை அவள் இதற்கு முன்னால் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் தேவைக்கு அதிகமாக நேரம் கேட்டது.

ஸ்ரனிஸ்லாஸ் எழுந்து உள்ளே போனார். இரண்டு பேரும் அங்கே என்ன பேசினார்கள் என்று லிண்டாவுக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அவருடைய சேர்ட்டின் தோள் பக்கம் நனைந்திருந்தது.

"போடு" என்றார்.

"கீழ ஏதாவது எழுதணுமா அப்பா? எழுதாட்டியும் பரவாயில்ல."

அவர் யோசித்தார். பிறகு சொல்லச் சொல்ல லிண்டா எழுதினாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: எனக்கு முக நரம்பில் ஒரு வருத்தம் வந்தது. அதனால் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். மற்றதெல்லாம் பழையபடிதான். வேலை தேடுகிறேன். அதையே சிங்களத்திலும் எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் லிண்டா தானாகப் போட்டாள்.

ஞாயிறும் திங்களும் ஒன்றும் நடக்கவில்லை. லிண்டாவின் சிநேகிதிகள் சிலர் வாழ்த்துப் போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், பெற்றீசியா பாடசாலையில் இருந்த நேரம், ஸ்ரனிஸ்லாஸின் போன் அடித்தது.

"ஸ்ரனியா? நான் ஆகிப். அலவத்துகொட ஆகிப்."

ஸ்ரனிஸ்லாஸ் கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஆகிப்பை அவர் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். "ஆகிப் நானா! சொல்லுங்க நானா. எப்படி சுகம்?"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"என்ட ராத்தாட மகன் ஸிபான் இப்பதான் உங்கட படத்தக் காட்டின. நெசமா ஸ்ரனி? அந்த வருத்தமா ஈந்த?"

"ஓம் நானா."

"நான் கண்டியில பஸ் ஸ்டேண்ட்ல உங்களக் கண்டு கூப்பிட்டன். நீங்க திரும்பிப் பாத்துட்டு, பேசாமப் போன. ஞாபகம் ஈக்கா?"

ஸ்ரனிஸ்லாஸுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவர் கூட்டத்துக்குள் வேகமாக நடந்துபோய், ஒரு பழக்கடைக்குப் பின்னால் நின்றார். ஆகிப்பைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது என்பதுதான் காரணம்.

"நான் என்ன நெனச்ச தெரியுமா?" ஆகிப் தொடர்ந்தார். "அதுக்குக் கொஞ்சம் முந்தித்தானே நான் உங்கட கம்பனிச் சாமான் வேணாமுண்டு நிப்பாட்டின. அந்தக் கோவமுண்டு நெனச்சன். எத்தின வருஷப் பழக்கம், ஒரு வார்த்த கேக்காம நிப்பாட்டிட்டோமேண்டு எனக்கும் மனசு சரியில்ல. மூத்த மகள்ட கலியாணத்துக்குக் கார்ட் எழுதி வச்சீந்த. வரமாட்டீங்கண்டு நெனச்சு அனுப்பல்ல."

"ஐயோ நானா, எனக்கு உங்கமேல கோவமா?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "என்னால சிரிக்க முடியல. உங்க முன்னால சிரிக்காம நிக்கவும் முடியாது. அதான் ஓடிட்டேன்."

"நாளைக்கு ஊட்டுல ஈப்பீங்களா?"

மறுநாள் பின்னேரம் ஆகிப் தன் அக்கா மகன் ஸிபானோடு காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய டிஷ் நிறைய, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். ஸ்ரனிஸ்லாஸ் வாசலில் நின்றார். மாஸ்க் போடவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆகிப்பின் தாடி முழுக்க வெளுத்துப்போயிருந்தது.

"நரைச்சிட்டீங்க நானா" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"நீங்க கோணிட்டீங்க" என்றார் ஆகிப்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஆகிப் டிஷ்ஷை ஸிபானிடம் கொடுத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தார். வட்டிலப்பத்தை வாங்க வந்த பெற்றீசியா டிஷ்ஷோடு அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

உட்கார்ந்து வெகு நேரம் பேசினார்கள். மகளின் கலியாண வீடியோவை ஆகிப் போனில் போட்டுக் காட்டினார். யார் யார் கடையை மூடினார்கள், யார் மகனிடம் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு கடையாகப் போனது பேச்சு. அதுவரைக்கும் ஒதுங்கி இருந்த ஸிபான், மாமா தேநீர் குடிக்கிற இடைவெளியில் கதிரையை முன்னால் நகர்த்தினான். அவன் முப்பதைத் தொடுகிறவன். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரத்தைக் கொஞ்ச காலமாக நடத்தி வந்தான்.

"எனக்குத் தோட்டம் தோட்டமாப் போய் ஆக்களோட பேசி வாங்க ஒராள் வேணும். சும்மா விலை சொல்றவர் வேணாம். வருஷா வருஷம் எங்களுக்கே தார மாதிரிப் பழகோணும். சிங்களமும் தமிழும் பேசோணும். செய்வீங்களா?"

ஸ்ரனிஸ்லாஸ் தன் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, குறை நினைக்காதீங்க. பரிதாபப்பட்டு ஒரு வேலை தர்றதா இருந்தா எனக்கு வேணாம்."

ஸிபான் மாமாவைப் பார்த்தான். பிறகு நேராகவே சொன்னான். "வருத்தத்துக்கு மாமா வட்டிலப்பம் கொண்டுவந்தீக்கி. அது வேற. நான் வந்தது என்ட வேலைக்கு. முந்தி ரெண்டு பேரைப் போட்டுப் பாத்த. ரெண்டு பேரும் தோட்டக்காரங்களோட சண்ட புடிச்சிட்டாங்க. கொஞ்ச நாள் செஞ்சு பாருங்க. சரிவராட்டி நான் சொல்றன். உங்களுக்குப் புடிக்காட்டி நீங்க சொல்லுங்க."

அந்தப் பேச்சு ஸ்ரனிஸ்லாஸுக்குப் பிடித்திருந்தது. சரி என்றார்.

அந்த வாரத்தில் இன்னும் சிலர் அழைத்தார்கள். ஆகிப் யார் யாருக்குச் சொன்னாரோ தெரியாது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு சிங்கள முதலாளி, தன் தம்பிக்கும் அதே வருத்தம் வந்ததாகச் சொல்லி நீண்ட நேரம் பேசினார். மஹய்யாவையில் பழைய சிநேகிதன் ஒருவன், "பெரியாளாயிட்டன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்டா" என்று திட்டினான். எவ்வளவு பேர் தன்னைப் பற்றி எதையெதையோ நினைத்து மனம் நொந்திருக்கிறார்கள் என்பது ஸ்ரனிஸ்லாஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் தன் முகத்தைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்பதை மட்டும்தான் அவர் அதுவரை யோசித்திருந்தார்.

புது வேலையின் ஆரம்ப நாட்கள் சுலபமாக இருக்கவில்லை. முதலாவதாகப் போன தோட்டத்தில் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே கூப்பிடும் முன்னால் சட்டைப் பையைத் தடவினார். மாஸ்க்கை அவரே வீட்டில் விட்டு வந்திருந்தார். அன்றைக்கு அவருடைய பேச்சு தட்டுத்தடுமாறித்தான் வந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். வணக்கம் சொன்ன கையோடு, "எனக்கு முகத்துல ஒரு வருத்தம் வந்தது, சிரிச்சா இப்படித்தான் இருக்கும்" என்று தானே சொல்லிவிடுவார். சொன்ன பிறகு ஆட்கள் ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். அதற்கப்புறம் மிளகைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

நாள் போகப் போக, அப்படிச் சொல்வதே சில இடங்களில் மறந்துபோனது.

வடிவம்மா என்றொரு அம்மா அலவத்துகொடக்கு மேலே ஒரு சரிவில் இருந்தார். வீட்டைச் சுற்றிய மரங்களிலெல்லாம் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். விலை பேசுவதில் அந்தப் பக்கத்தில் யாரும் அவரை வென்றதில்லை என்று ஸிபான் எச்சரித்துத்தான் அனுப்பினான். மழை விட்ட ஒரு பின்னேரம் ஸ்ரனிஸ்லாஸ் அங்கே போனார். வடிவம்மா முற்றத்துத் தார்ப்பாயை விலக்கி, மிளகை உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார். நன்றாகக் காய்ந்த, கனமான மிளகு. ஸ்ரனிஸ்லாஸ் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்படி?" என்றார் வடிவம்மா.

"அம்மா, இதை வாங்காம போனா என் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. வாங்கினாலும், நீங்க கேக்குற விலைக்கு வாங்கினா, அப்பவும் அனுப்பிடுவாரு. நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று சொல்லி ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தார்.

வடிவம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தா பாருங்க தம்பி, இந்தச் சிரிச்சு மயக்குற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம். சரியான விலையைச் சொல்லுங்க."

ஸ்ரனிஸ்லாஸ் தன் வலது கடைவாயை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். பிறகு விலையைச் சொன்னார். வடிவம்மா மறுத்தார். இரண்டு பேரும் மாறி மாறி விலை சொன்னார்கள். இருட்டுவதற்குள் மூட்டைகள் கட்டியாயிற்று.

மூட்டைகளை ஏற்றிய வானில் ஏறி உட்கார்ந்ததும், சாவியைத் திருப்புவதற்கு முன்னால், பெற்றீசியாவுக்குப் போன் எடுத்தார்.

"பெற்றி, ஒரு அம்மா என்னை என்ன சொல்லித் திட்டினாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.